மெழுகு கேட்ட கூர்மை

1986ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, மருத்துவமனை ஆய்வகத்தின் பொறுப்பாளர் கல்லுக்காரரின் சலூனுக்குள் காலடி வைத்தார். நேரம் இவ்வளவு திட்டமாக நினைவில் நின்றதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடைக்குள் அதுவரை வெளிப் பெண் யாரும் வந்ததில்லை. நாற்காலியில் பாதி முகம் நுரையோடு சாய்ந்திருந்த தபால்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொன்னு பத்து. எழுதி வச்சுக்கப்பா. உன் கடைக்கு வெளிச்சம் வந்திருக்கு."

"வெளிச்சம் இருக்கட்டும். நீங்க அசையாம இருங்க, காது போயிடும்" என்றார் கல்லுக்காரர்.

அவருக்கு அப்போது நாற்பத்தோரு வயது. தெருவுக்கே முடி வெட்டியவரின் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முன்னறையில் இரண்டு நாற்காலிகள் போட்ட சலூன், அது சோற்றுக்கு. அவருடைய உயிரோ பின்னறையில் இருந்தது. அங்கே ஒரு ஜன்னல், இடுப்புயர மேசை, மேசைமேல் மரச் சட்டங்களில் பதித்த மூன்று கற்கள். மூன்றும் மலையிலிருந்து வெட்டியெடுத்தவை. ஆலையில் செய்தவை அல்ல. சாம்பல் கல் கத்தியின் காயத்தை ஆற்றும். மஞ்சள் கல் சாம்பல் கல் விட்ட கீறல்களை அழிக்கும். கறுப்புக் கல் மஞ்சள் கல்லின் கீறல்களையும் துடைத்து வேலையை முடிக்கும். பக்கத்தில் எந்நேரமும் ஒரு குவளைத் தண்ணீர். சவரக் கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படியும்படி அதைக் கல்லில் படுக்கவைத்து, வாய் முன்னே போகத் தள்ளி, கல்லின் கோடியில் முதுகைப் படியவிட்டே புரட்டி, மறுபடி தம்மை நோக்கிக் கொண்டுவருவார். கல்லிலிருந்து கிளம்பும் துகள் தண்ணீரில் கலந்து பாலாகத் திரளும். அந்தப் பால் கறுக்கத் தொடங்கினால் எஃகு தேய்கிறது என்று பொருள். சுற்றுவட்டாரத்தில் பதினொரு சலூன்காரர்கள் தங்கள் கத்திகளை அவரிடம்தான் கொடுத்தார்கள். "தண்ணி குடிக்காத கல்லு கல்லே இல்ல" என்பது அவர் கட்சி. அதற்கு எதிர்க்கட்சியும் ஒன்று இருந்தது; அது பின்னால் வரும்.

ஆய்வகப் பொறுப்பாளர் லேப்பம்மா, தெருவில் அவருக்கு அதுதான் பெயர், தாம் கொண்டுவந்த துண்டை மேசைமேல் விரித்தார். உள்ளே சாண் நீளத்தில், சவரக் கத்தியைப்போல் பத்து மடங்கு கனத்தில் ஒரு கத்தி. பிடி தனியாகத் திருகியிருந்தது.

"இது என்னங்க, கறிக் கடைக்கா?"

"இல்லண்ணா. மெழுகு வெட்ட."

"மெழுகு வெட்ட இத்தாம் பெரிய கத்தியா? எங்க வீட்டுல நகத்தாலேயே கிள்ளிடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. நின்ற நிலையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக் கட்டிக்குள் பதிப்பார்கள். ஒரு முடியின் தடிமனைப் பதினைந்தாகப் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு மெல்லியதாக அதைச் சீவுவார்கள். சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட்டு உருப்பெருக்கியில் பார்த்தால்தான் கட்டி நல்லதா கெட்டதா என்று தெரியும். ஆய்வகத்தின் இரண்டு நல்ல கத்திகளும் தீட்டுவதற்காக வெளியூர் போயிருந்தன. திரும்பிவர இரண்டு வாரம் ஆகும். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த இந்தப் பழைய கத்தியைப் பூட்டி வெட்டியபோது, சதைக்குள் இருந்த சுண்ணாம்பு மணி ஒன்று அதன் வாயில் பல்போல் ஒரு பள்ளம் விழச் செய்துவிட்டது. வந்த சீவல்களெல்லாம் நடுவில் கிழிந்தன. துணுக்கில் மிஞ்சியிருப்பது அரை அரிசி அளவு.

"யாருக்கும்மா கட்டி?"

"ஒரு தையல்காரம்மாவுக்கு. வலது பெருவிரலுக்கு அடியில. பெரிய சர்ஜன் வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வர்றார். மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதுக்குள்ள ரிசல்ட் இல்லன்னா, ஒரு மாசம் சும்மா விட்டுவைக்க முடியாது, விரலை எடுத்துடறதுதான் பாதுகாப்புன்னு கேஸ் ஷீட்டுல எழுதிட்டுப் போயிருக்கார்."

கத்தரிக்கோலைப் பிடிக்கிற விரல். கல்லுக்காரர் தம் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். தபால்காரரின் முகத்தில் நுரை காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் நாலு மணிக்குள்ள முடிச்சுடறேன். நீங்க உட்காருங்க" என்றார் கல்லுக்காரர். அவர் குரலில் பயம் துளியும் இல்லை. இவ்வளவு நீளமான வாயை அவர் அதுவரை தொட்டதில்லை. புதுப் பலகாரத்தைக் கண்ட பிள்ளைபோல் அவர் கை பரபரத்தது.

சாம்பல் கல்லில் பல் கரைந்து போகவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பால் கறுத்தது; கழுவினார்; மீண்டும் கறுத்தது. மஞ்சள் கல்லில் சத்தம் மாறிற்று. கறுப்புக் கல்லில் கத்தி ஒட்டிக்கொள்வதுபோல் இழுத்தது. அதுதான் நல்ல அடையாளம். தோல்வாரில் அறுபது முறை துடைத்தெடுத்துவிட்டு, மாடிப் படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஒரே ஒரு முடி!"

மனைவி தலையை மட்டும் நீட்டினார். "இந்த வாரத்துல இது நாலாவது. உங்க தலை போன வழியிலேயே என் தலையும் போகணுமா?"

"ஆஸ்பத்திரி வேலைம்மா."

"போன தடவை போலீஸ் வேலைன்னீங்க." ஆனாலும் சீப்பிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு இறங்கிவந்தார். கல்லுக்காரர் அதை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் வாய்மேல் மெல்ல இறக்கினார். முடி வளையவில்லை, அதிரவில்லை. பாதி அப்படியே கழன்று விழுந்தது. லேப்பம்மா தம்மை மறந்து கைதட்டிவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே துண்டோடு அவர் மீண்டும் வாசலில் நின்றார்.

"அண்ணா, முடியை வெட்டுது. மெழுகை வெட்டல."

கல்லுக்காரருக்குச் சுருக்கென்றது. "அந்தத் துணுக்கையா போட்டுப் பார்த்தீங்க?"

"ஐயோ, அதைத் தொடுவேனா? வெறும் மெழுகுல ஒத்திகை பார்த்தேன். சீவல் எல்லாம் வரி வரியா வருது. தகரக் கூரை மாதிரி."

முடியை அறுக்கிற கூர் மெழுகின் முன்னால் ஏன் கைகட்டி நிற்கிறது? அவமானம் ஒரு பக்கம் இருக்க, அதைவிட இந்தக் கேள்விதான் கல்லுக்காரரை உலுக்கியது. கறுப்புக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னைக்குக் கடை லீவு" என்று வாசலில் காத்திருந்த இருவரிடமும் சொல்லிவிட்டு லேப்பம்மாவின் பின்னாலேயே நடந்தார்.

ஆய்வகத்தின் வாசல் பெஞ்சில், கையில் கட்டுப்போட்ட ஒரு பெண் அமர்ந்து, மருத்துவமனைச் சீட்டை இடது கையால் சன்னமாக மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் காலர் யாரு தைச்சது? உங்க மேல அவருக்கு ஏதாவது பகையா?"

"தெரிஞ்ச ஆளுதாங்க."

"தெரிஞ்சவங்கதான் இப்படிச் செய்வாங்க." சிரித்துவிட்டு, குரலைத் தணித்து லேப்பம்மாவிடம் கேட்டார்: "நாளைக்குப் பத்து மணின்னா பத்து மணியேதானா மேடம்?"

லேப்பம்மா தலையாட்டினார். இருவரும் உள்ளே போனார்கள்.

அங்கே லேப்பம்மா முதல்நாள் இரவெல்லாம் தேடியெடுத்த புத்தகம் விரிந்து கிடந்தது. அதிலிருந்த படத்தில் இதே போன்ற கத்தி. ஆனால் அதன் முதுகில் பாதியாகப் பிளந்த குழாய் ஒன்று மாட்டியிருந்தது. கல்லுக்காரர் ஒரு கணம் பார்த்தார். பிறகு நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார்.

"அடடா! இதுக்கு முதுகு வேற தனியாவா!"

சவரக் கத்திக்கு அதன் முதுகுதான் அளவுகோல். முதுகையும் வாயையும் கல்லில் படியவிட்டால் கோணம் தானாக அமையும், யோசிக்கத் தேவையில்லை. இருபது ஆண்டுகளாக வாரத்துக்கு நாற்பது கத்தி தீட்டிய கை, இந்தக் கனத்த கத்தியையும் அதே போல் படுக்கவைத்துவிட்டது. வாய் காகிதமாக மெலிந்து போயிற்று. முடிக்கு அது போதும். இறுகிய மெழுகின் மேல் மோதும்போதோ அது நடுங்கியது. அந்த நடுக்கம்தான் தகரக் கூரை. வேலை தெரியாதவன் இந்தத் தவற்றைச் செய்திருக்கவே மாட்டான்.

"குழாய் எங்கே?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துலயே காணோம்."

"சரி, வாயையாவது பார்க்க முடியுமா, அந்தக் கண்ணாடியில?"

உருப்பெருக்கியில் கண்ணை வைத்தவர் கண்ணை எடுக்கவில்லை. நேற்று முகம் தெரியப் பளபளத்த எஃகில், ஏர் உழுத வயலைப்போல் சால் சாலாகக் கீறல்கள். வயலின் எல்லையில் வாயின் ஓரம் சருகைப்போல் சுருண்டு நின்றது.

"எம்மாடி! இது நான் போட்ட கோடா? இருபது வருஷமா கையால தடவியே தெரிஞ்சுக்கிட்டு இருந்தேன். இதுக்கு மூஞ்சி இருக்கே! மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. இன்னும். அங்க பாருங்க, அது மஞ்சக் கல்லு விட்ட கோடு. திருட்டுப் பய, கறுப்புக் கல்லுக்குத் தப்பிச்சு ஒளிஞ்சிருக்கான்!"

"அண்ணா, வெள்ளிக்கிழமை வந்துடும்."

அவர் மனமில்லாமல் நிமிர்ந்தார். ஆனால் வழி பிறந்துவிட்டது. மேசையிலிருந்த துணிப் பிளாஸ்திரியைக் கேட்டு வாங்கிக் கத்தியின் முதுகில் நீளவாக்கில் ஒரு சுற்று ஒட்டினார். கண்ணாடித் தகடுகளில் எண் எழுதும் கறுப்பு மையை வாயோரத்தில் பூசினார். கல்லில் ஒரே ஒரு தள்ளு. மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. வாய்க்குச் சற்றுப் பின்னால் அழிந்தது. முதுகு இன்னும் உயர வேண்டும். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. இப்போது மை சரியாக விளிம்பில் அழிந்தது. லேப்பம்மா புத்தகத்தின் படத்தையும் கத்தியையும் அருகருகே வைத்துப் பார்த்து, "இதுதான்!" என்றார்.

கல்லில் தண்ணீர் தெளித்து முப்பது தள்ளுத் தள்ளியதும் பிளாஸ்திரி ஊறி உப்பிப் பக்கவாட்டில் நழுவியது. மையும் கரைந்து ஓடியது.

"எண்ணெய் போட்டா?"

"பிசினே கரைஞ்சுடும்மா."

தண்ணீரில்லாமல் அதே கல்லில் இழுத்துப் பார்த்தார். கறுப்புக் கல் நான்கே தள்ளில் எஃகைத் தின்று, மேற்பரப்பு அடைத்துக்கொண்டு, கிறீச்சிட்டது. கல்லுக்காரர் கையைத் துடைத்தார். அவர் முகம் ஒரு விதமாகப் போயிற்று.

"வழி ஒன்னுதான் இருக்கு. அந்த வழியில என் மச்சான் உட்கார்ந்திருக்கார்."

எதிர்க்கட்சி அவர்தான். மனைவியின் அண்ணன், தெருவின் மறுகோடியில் சலூன் வைத்திருந்தவர். அவரிடம் பச்சை நிறத்தில் கண்ணாடிபோல் இறுகிய கல் ஒன்று இருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டார். "கல்லுக்குத் தண்ணி ஊத்தறவன் கத்தி தீட்டல, சேறு மிதிக்கிறான்" என்று ஒரு குடும்ப விருந்தில் அவர் சொல்ல, "காய்ஞ்ச கல்லுல தீட்டறது வெறும் வாயை மெல்லற வேலை" என்று இவர் சொல்ல, ஒன்பது ஆண்டுகளாக ஒருவர் கல்லை மற்றவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேச்சு உண்டு, போக்குவரத்து உண்டு. கல்லைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

பதினோரு மணிக்கு இருவரும் அங்கே போய் நின்றார்கள். காத்திருக்கும் பலகையில் சைக்கிள் கடைக்காரரும் இன்னும் மூவரும் இருந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளை! என்ன, உங்க கல்லெல்லாம் ஜலதோஷம் பிடிச்சுக் கிடக்கா?"

கல்லுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பெருவிரலைப் பற்றிச் சொன்னபோது மச்சானின் குறும்பு அடங்கியது. கத்தியைக் கையில் வாங்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நான் தொடமாட்டேன். ஒரு பொம்பளையோட பிழைப்பு. தப்பாப் போச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது. கல்லை வேணும்னா எடுத்துக்க."

"நானே தீட்டறேன் மச்சான்."

"நீயா? தண்ணியில பழகின கை. காய்ஞ்ச கல்லு உனக்குப் பிடி குடுக்காது." பலகையில் இருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குப் பழைய முறுக்கு ஏறிவிட்டது. "இந்தா, நாலு பேர் முன்னாடி சொல்றேன். இந்தக் கல்லுல நீ தீட்டி, அந்த மெழுகு ஒரு வரி இல்லாம வந்துச்சுன்னா, என் மீசையை எடுத்துக்கறேன். நான்கூட இல்ல, நீயே எடு. உன் கத்தியாலேயே எடு!"

சைக்கிள் கடைக்காரர் துள்ளி எழுந்தார். அந்த மீசைக்கு இருபத்திரண்டு வயது. இரு புறமும் கன்னத்தைத் தொட்டுத் திரும்பும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்த மீசைதான் பலகை.

கல்லுக்காரர் பச்சைக் கல்லின் முன் அமர்ந்தார். புதுப் பிளாஸ்திரி மூன்று சுற்று, மை, முதல் தள்ளு. கத்தி கல்லில் கவ்வாமல் வழுக்கியது. சற்று அழுத்தினார். கர்ரென்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வாயின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு எஃகுப் பொரி உதிர்ந்தது.

கல்லுக்காரரின் வழுக்கைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மீண்டும் சாம்பல் கல்லிலிருந்து தொடங்க நேரமில்லை. மறுபடி கத்தியை வைத்தார். இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அழுத்தாதேடா!" என்று மச்சான் கத்தினார். அவரால் பொறுக்க முடியவில்லை; பந்தயமாவது ஒன்றாவது. "கத்தியோட கனம் போதும். நீ கூடப் போனா போதும். தண்ணி இருந்தா கல்லு பொறுத்துக்கும், இது பொறுக்காது. காதைக் குடு, கையைக் குடுக்காதே! பத்துக்கு ஒரு தடவை உள்ளங்கையால துடை, துணியால இல்ல."

கல்லுக்காரர் விரல்களைத் தளர்த்தினார். கத்தியின் கனத்தைக் கல்லிடமே விட்டுவிட்டு, பின்னாலேயே போனார். கர்ரென்ற சத்தம் மெலிந்து, பட்டுத்துணி கிழிவதுபோலாகி, பிறகு அதுவும் அடங்கியது. பத்து, துடைப்பு. பத்து, துடைப்பு. உதிர்ந்த பொரியின் தடம் அழிந்தது. இப்படியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. முடி வெட்ட வந்தவர்கள் முடியோடு நின்று பார்த்தார்கள். தமக்குத் தெரியாத ஒன்று கைக்குள் வந்து அமர்வதை உணர்ந்த கல்லுக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது; அடக்கிக்கொண்டார், கை ஆடிவிடும் என்று.

பிற்பகல் மூன்றுக்கு லேப்பம்மா கத்தியை இயந்திரத்தில் பூட்டினார். முதலில் வெறும் மெழுகு. சக்கரத்தைச் சுற்றினார், வரி இல்லை. பிறகு அந்த அரை அரிசித் துணுக்கைப் பொருத்தினார். கல்லுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

சக்கரம் சுழன்றது. கத்தியின் வாயிலிருந்து ஒரு நாடா கிளம்பியது. ஒரு சீவலின் வால் அடுத்ததன் தலையைப் பிடித்துக்கொள்ள, மூச்சுப் பட்டாலே எழும்பிவிடும்போல, வெள்ளையாக, வரியில்லாமல், கிழியாமல் அது நீண்டுகொண்டே வந்தது. லேப்பம்மா தூரிகையால் அதை ஏந்தி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டார்.

"அண்ணா! பாருங்கண்ணா! ஒரு கோடு இல்ல! பதினாலு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒன்னு நான் வெட்டினதில்ல!"

"மெதுவாம்மா, மெதுவா. சத்தத்துல கிழிஞ்சுடப் போகுது" என்று கிசுகிசுத்தார் கல்லுக்காரர்.

ஐந்தே முக்காலுக்கு நோயியல் மருத்துவர் உருப்பெருக்கியிலிருந்து நிமிர்ந்தார். "நல்ல கட்டிதான். கட்டியை மட்டும் எடுத்தாப் போதும். விரலைத் தொட வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். தையல்காரம்மா பெஞ்சைவிட்டு எழவில்லை, அழவுமில்லை. கட்டுப்போட்ட வலது கையைத் தூக்கி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் இரண்டுமுறை திறந்து மூடினார், துணி வெட்டுவதுபோல். பிறகுதான் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அதன்பின் மருத்துவமனைக் கத்திகள் வெளியூர் போகவில்லை. அடுத்த ஆண்டுக்குள் இன்னும் மூன்று மருத்துவமனைகள் கல்லுக்காரரைத் தேடிவந்தன. அவர் மேசையில் நான்காவதாக ஒரு பச்சைக் கல்லும் ஏறியது. மலைச்சரக்கு வியாபாரியிடம் அதைப் பேரம்பேசி வாங்கித் தந்தவர் மச்சான்தான். பழைய உருப்பெருக்கி ஒன்றும் பின்னறைக்கு வந்து சேர்ந்தது. சவரத்துக்கு வந்தவர்களை எல்லாம் அதன் முன்னால் உட்காரவைத்து, "பாருங்க, பாருங்க, உங்க மூஞ்சிமேல ஓடப்போறது இதுதான்" என்று காட்டி, இருவரை ஓட்டம் பிடிக்க வைத்தார்.

மீசை விஷயம் அன்று மாலையே தெருவெங்கும் பரவிவிட்டது. மச்சான் பத்து நாள் தங்கை வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பதினோராம் நாள், எதையும் காட்டிக்கொள்ளாத முகத்தோடு வந்து, சலூனின் முதல் நாற்காலியில் அமர்ந்தார். கல்லுக்காரர் துண்டைப் போர்த்தினார், முகம் முழுக்க நுரை பூசினார். பலகையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கத்தி ஒரு கன்னத்தில் இறங்கியது, மறு கன்னத்தில் இறங்கியது, தாடையைச் சுற்றி வந்தது. மூக்குக்குக் கீழே போகவில்லை. ஈரத் துண்டால் நுரையைத் துடைத்தபோது மீசை பத்திரமாக இருந்தது.

"என்னப்பா, பாக்கி?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"மச்சான், தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வைக்கட்டுமா?" என்றார் கல்லுக்காரர்.

அதற்குப்பின் பதினேழு ஆண்டுகள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மச்சான் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தார். மீசை நரைத்தது, மெலிந்தது, ஆனாலும் கன்னத்தைத் தொட்டுத் திரும்பியது. சாட்சிகள் நால்வரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். கல்லுக்காரர் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.